அன்றைய நானும் எழுதுகிற நானும்

தன்வரலாறு, நினைவுக் குறிப்பு, வாழ்க்கைக் கதை என்று எந்தப் பெயரில் புத்தகம் வந்தாலும் வாங்கிவிடுவேன். கடையில் கிடைப்பவை மட்டுமல்ல. அறுபதாம் கல்யாணத்துக்கோ எண்பதாம் கல்யாணத்துக்கோ போனால் தாம்பூலப் பையில் தேங்காயோடு ஒரு சின்னப் புத்தகமும் வைத்துக் கொடுக்கிறார்களே, அதையும் விடுவதில்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியரோ மின்வாரியப் பொறியாளரோ வங்கி மேலாளரோ எழுதி, உள்ளூர் அச்சகத்தில் நூறு, இருநூறு பிரதி போட்டு, சொந்தபந்தங்களுக்குக் கொடுப்பது. அவற்றில் சில பக்கங்கள் எந்தப் பெரிய எழுத்தாளரும் தர முடியாதவை. ஒரு மலைக்கிராமத்துக்கு முதன்முதலாகக் கரண்ட் கம்பம் ஏறிய விதத்தை அதை ஏற்றியவரே எழுதியிருப்பார். வேறெங்கே கிடைக்கும்?

ஆனால் இந்தப் புத்தகங்களில் பெரும்பாலும் ஒன்று குறைகிறது. பிறந்த ஊர், படித்த பள்ளி, வேலை கிடைத்த நாள், மாற்றல், பதவி உயர்வு, பிள்ளைகளின் படிப்பு, வீடு கட்டியது எல்லாம் வரிசையாக வரும். எல்லாம் உண்மை. ஆனாலும் முடித்த பிறகு அந்த மனிதரைச் சந்தித்த உணர்வு வருவதில்லை. அவருடைய சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டினால் கிடைப்பதற்கு மேல் அதிகமாக ஒன்றும் கிடைத்திருக்காது. இவ்வளவும் நடந்ததே, இதை அவர் என்னவாக எடுத்துக்கொண்டார் என்ற கேள்வி அப்படியே நிற்கும். அந்த இடத்தை நிரப்ப அவர்களுக்குத் தெரிந்த வழி இரண்டு. ஒன்று, ‘அது ஒரு பொற்காலம்’ என்று பெருமூச்சு விடுவது. இன்னொன்று, அத்தியாயத்தின் கடைசியில் இளைய தலைமுறைக்கு ஒரு அறிவுரை சொல்லிவிடுவது. இரண்டுமே யோசித்துப் பார்ப்பதற்குப் பதிலாகச் செய்கிற காரியங்கள் என்பது என் அபிப்பிராயம்.

யோசித்துப் பார்ப்பது என்று எதைச் சொல்கிறேன்? பாமாவின் தன்வரலாறான ‘கருக்கு’ படித்தவர்களுக்கு அந்த வடைப் பொட்டலம் மறந்திருக்காது. 1992-இல் வந்த புத்தகம். விருதுநகர் மாவட்டத்துக் கிராமம் ஒன்று. மூன்றாம் வகுப்புப் படிக்கிற சிறுமி பள்ளிக்கூடம் விட்டு, வழியெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு வீடு திரும்புகிறாள். அவள் தெருவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் கடையிலிருந்து ஒரு பொட்டலத்தைக் கையில் படாமல், கட்டியிருக்கிற சணலை மட்டும் பிடித்துத் தூக்கிக்கொண்டு வருகிறார். நிலக்காரரான நாயக்கருக்கு முன்னால் குனிந்து பணிவாகக் கொடுக்கிறார். பார்க்கிற சிறுமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இவ்வளவு பெரிய ஆள் இத்தனூண்டு பொட்டலத்தை இப்படியா பிடிப்பது! வீட்டுக்கு ஓடிப்போய் அண்ணனிடம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. அவர் வேடிக்கைக்காக அப்படிப் பிடிக்கவில்லை, நாம் தொட்டால் அவர்களுக்குத் தீட்டு என்று விளக்குகிறான். அதற்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆத்திரம் வருகிறது. அந்த வடைகளைப் போய்த் தொட்டுவிட வேண்டும் போலிருக்கிறது.

இந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். எழுதுகிற பாமாவுக்கு எல்லாம் தெரியும். படித்து, ஆசிரியையாகி, கன்னியர் மடத்தில் சேர்ந்து, அங்கும் சாதியைப் பார்த்துவிட்டு வெளியே வந்து எழுதுகிறவர். முதல் வரியிலேயே தீண்டாமைக் கொடுமை என்று ஆரம்பித்திருக்கலாம். அப்படிச் செய்யாமல் அந்தச் சிரிப்பைச் சிரிப்பாகவே விட்டுவைக்கிறார். சிறுமிக்கு என்ன தெரியுமோ அவ்வளவுதான் நமக்கும் காட்டுகிறார். அவள் சிரிக்கும்போது நாமும் லேசாகச் சிரித்துவிடுகிறோம். அதனால்தான் அண்ணன் வாய் திறக்கும்போது அடி நம்மீதும் விழுகிறது. அன்றைக்கு வாழ்ந்தவள் ஒருத்தி, இன்றைக்கு எழுதுகிறவள் ஒருத்தி. இருவருக்கும் நடுவே உள்ள தூரத்தில்தான் அந்தச் சம்பவத்துக்கு அர்த்தம் பிறக்கிறது. ஒருத்தியை மற்றவள் விழுங்கிவிட்டால் கதை போய்விடும். சிறுமி மட்டும் பேசினால் அது வெறும் வேடிக்கைச் சம்பவம். பெரியவள் மட்டும் பேசினால் கட்டுரை.

இதே தூரத்தை இன்னொரு விதமாகக் கையாண்டவர் உ.வே. சாமிநாதையர். 1855-இல் பிறந்தவர், 1940-இல் ஆனந்த விகடனில் ‘என் சரித்திரம்’ தொடரை ஆரம்பிக்கிறார். எண்பத்தைந்து வயதில் உட்கார்ந்து, இருபத்தைந்து வயது இளைஞனாகச் சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போன நாளை எழுதுகிறார். நாள் வரைக்கும் நினைவிருக்கிறது: 1880 அக்டோபர் 21. கும்பகோணத்துக்கு முன்சீபாக மாற்றலாகி வந்த முதலியார், என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட பெருமை இவருக்கு. அந்தாதி இத்தனை, கலம்பகம் இத்தனை, பிள்ளைத்தமிழ் இத்தனை என்று அடுக்கிக்கொண்டே போகிறார். கேட்டவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இதனாலெல்லாம் என்ன பயன் என்கிற மாதிரி ஒரு பதில். சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று அடுத்த கேள்வி.

அந்தச் சந்திப்புதான் பிறகு 1887-இல் சிந்தாமணிப் பதிப்பாகி, அதன்பின் அவர் ஆயுள் முழுவதும் பரந்து விரிந்தது. எண்பத்தைந்து வயது ஐயருக்கு அது தெரியும். ஆனால் இளைஞன் பெருமையாக ஒப்பிக்கிற அந்த நீண்ட பட்டியலை அவர் சுருக்கவில்லை. பட்டியல் நீள நீளத்தான் அந்த இளைஞனின் கர்வம் நமக்குத் தெரிகிறது, அது உடைகிற சத்தமும் கேட்கிறது. தன்னை மட்டம் தட்டிய கேள்வியையே அந்த அத்தியாயத்துக்குத் தலைப்பாகவும் வைத்திருக்கிறார். இன்னது புரிந்தது, இன்னது மாறியது என்று பத்தி பத்தியாக விளக்கவில்லை. எந்த இடத்தில் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும் என்று அவர் தேர்ந்தெடுத்ததே அவருடைய யோசனை. வெளிப்படையாகச் சொல்லாவிட்டாலும் அதுவும் யோசனைதான்.

வெளிப்படையாகச் சொல்லித்தான் ஆக வேண்டிய இடங்களும் உண்டு. அங்கேதான் சிக்கல்.

காந்தியின் ‘சத்திய சோதனை’யில் தந்தை இறக்கிற இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1885, ராஜ்கோட். பதினாறு வயதுப் பையன் தினமும் இரவு நோயாளியான தகப்பனாரின் கால்களைப் பிடித்துவிடுகிறான். கை அவர் கால்களில் இருக்கிறது, நினைப்பு படுக்கையறையில் இருக்கிறது. ஓர் இரவு சிற்றப்பா, நான் பார்த்துக்கொள்கிறேன் போ என்கிறார். பையனுக்கு மகிழ்ச்சி. நேரே மனைவியிடம் போகிறான். சில நிமிடங்களில் வேலைக்காரன் கதவைத் தட்டுகிறான். அப்பா போய்விட்டார். நாற்பது வருடம் கழித்து, ‘நவஜீவன்’ இதழில் வாராவாரம் இந்தத் தொடரை எழுதும்போது, நாடே தன்னை மகாத்மா என்று அழைக்கிற காலத்தில், இதை மறைக்காமல் எழுதுகிறார். அந்தத் துணிவுக்கு முன்னால் நான் எப்போதும் தலை வணங்குவேன்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர் இதில் அர்த்தம் தேடவில்லை. அர்த்தத்தை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார். காமம் அவமானம், அவ்வளவுதான். கஸ்தூரிபா அப்போது கர்ப்பிணி. பிறந்த குழந்தை மூன்று நான்கு நாளில் இறந்துபோகிறது. அதையும் அந்த அவமானத்தின் கணக்கிலேயே சேர்த்து, வேறென்ன எதிர்பார்க்க முடியும் என்கிற தொனியில் முடித்துவிடுகிறார். எனக்கு அந்த இடம் ஒவ்வொரு முறையும் வலிக்கும். அதே பதினாறு வயதில் மாமனாரையும் முதல் குழந்தையையும் ஒருசேர இழந்த ஒரு பெண் அந்த வீட்டில் இருந்தாளே, அவள் எங்கே? தீர்ப்பு அவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டதால் அந்த அறையில் இருந்த இன்னொரு ஆளைப் பார்க்க முடியாமல் போயிற்று. தன்னைக் கடுமையாகத் தண்டித்துக்கொள்வதும் சில சமயம் மேற்கொண்டு யோசிக்காமல் தப்பித்துக்கொள்ளும் வழியாகிவிடுகிறது.

இதற்கு நேர் எதிராக எனக்குப் படுவது புனித அகஸ்டீனின் பேரிக்காய். அவருக்கும் அப்போது பதினாறு வயதுதான், என்ன ஒற்றுமை பாருங்கள். வட ஆப்பிரிக்காவில், இன்றைய அல்ஜீரியாவில் இருக்கிற தகாஸ்தே என்ற ஊர். நண்பர்களோடு சேர்ந்து இரவில் பக்கத்துத் தோட்டத்தில் பேரிக்காய் திருடுகிறார். பசியில்லை. வீட்டில் இதைவிட நல்ல பழம் இருந்தது. பறித்ததில் பெரும்பகுதியைப் பன்றிக்குப் போட்டார்கள். சம்பவம் இவ்வளவே. இருபத்தைந்து வருடத்துக்கும் மேல் ஆனபிறகு, ஆயராக இருக்கும்போது ‘பாவ அறிக்கை’ எழுத உட்கார்ந்தவர், இந்தச் சின்னத் திருட்டை விடமாட்டேன் என்கிறார். ஏன் செய்தேன்? பழத்துக்காக இல்லை. அப்படியானால் எதற்காக? தப்பு என்பதற்காகவேவா? தனியாக இருந்தால் செய்திருப்பேனா? இல்லை. அப்படியானால் கூட்டத்தின் உற்சாகமா? அந்த உற்சாகம் என்பதுதான் என்ன? பக்கம் பக்கமாகப் போகிறது. ஒவ்வொரு பதிலையும் அடுத்த கேள்வியால் தள்ளிவிடுகிறார். அவருக்கும் பாவம் என்கிற முடிவு கையில் தயாராக இருந்தது. ஆனால் அதைச் சொல்லிவிட்டு எழுந்து போகவில்லை. அந்தச் சின்ன விஷயத்தின் முன்னால் உட்கார்ந்தே இருந்தார். பதினாறு நூற்றாண்டு கழிந்தும் அந்தப் பேரிக்காயை நாம் பேசிக்கொண்டிருப்பது அதனால்தான்.

பெரியவர்களைப் பற்றிச் சொன்னது போதும். இதை எழுத வைத்தவர் என் சித்தி.

சித்தி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். தென் மாவட்ட ஊர் ஒன்றில், 1970-களில், டிரங்க் போர்டில் உட்கார்ந்த தலைமுறை. தன் சர்வீஸைப் பற்றி எழுத வேண்டும் என்று ஆசை. கோடு போட்ட நோட்டில் எழுதித் தருவார், நான் டைப் அடித்துக் கொடுப்பேன் என்று பேச்சு. முதலில் வந்த பக்கங்கள் எப்படி இருந்தன என்றால்: அந்தக் காலத்தில் வெளியூருக்குப் பேச டிரங்க் கால் புக் செய்ய வேண்டும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று வகை. அர்ஜென்டுக்கு இரண்டு மடங்கு கட்டணம், லைட்னிங்குக்கு எட்டு மடங்கு. குறிப்பிட்ட ஆளைக் கூப்பிட்டுத்தான் பேச வேண்டும் என்றால் பி.பி. கால். மூன்று நிமிடம் ஒரு கணக்கு. இப்போது செல்போன் வந்துவிட்டது, காத்திருப்பதன் அருமை யாருக்கும் தெரியவில்லை.

அருமையான தகவல்கள். சித்தி மட்டும் அதில் இல்லை.

“சித்தி, இத்தனை பேருக்கு லைன் போட்டுக் குடுத்திருக்கீங்க. யாராவது ஒருத்தர் இன்னும் ஞாபகத்துல இருக்காங்களா?” என்று கேட்டேன்.

“லைட்னிங் கால் கதைதான் உனக்குத் தெரியும்லா” என்றார்.

தெரியும். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் எல்லாம் சொல்லப்பட்ட கதை. வத்தல் வியாபாரி ஒருவர் விலை கேட்க அவசரத்தில் லைட்னிங் கால் போட, அந்தப் பக்கம் ஒரு குழந்தை போனை எடுத்து, யாரிடமும் கொடுக்க மாட்டேன் என்று மூன்று நிமிடமும் பாட்டுப் பாடிய கதை. சித்தி அதைச் சொல்லும்போது குழந்தையின் குரல், வியாபாரியின் குரல் எல்லாம் தனித்தனியாக வரும். கேட்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

“அது வேண்டாம் சித்தி. யாருகிட்டயும் சொல்லாத ஒண்ணு.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “ஒரு பிள்ள வரும்” என்று ஆரம்பித்தார்.

மாதம் ஒருமுறை வருவாளாம். எக்ஸ்சேஞ்சை ஒட்டினாற்போல் தந்தி ஆபீஸ், அங்கே பொதுத் தொலைபேசிக்கு மரக்கதவு போட்ட ஒரு கூண்டு. டெபாசிட் கட்டிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். பம்பாய்க்கு பி.பி. கால், ஆர்டினரி. புருஷன் அங்கே ஏதோ கம்பெனியில் வேலை, பக்கத்துக் கடை நம்பருக்குப் போட்டால் கடைக்காரர் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார். லைன் கிடைக்க மணிக்கணக்காகும். மதுரை, மெட்ராஸ் என்று ஒவ்வொரு ஊர் ஆபரேட்டரிடமும் கேட்டுக் கேட்டுத்தான் போக வேண்டும். கிடைத்ததும் சித்தி டிக்கெட்டில் நேரம் குறிப்பார். கூண்டுக்குள் அந்தப் பெண் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். “நல்லாருக்கீங்களா” என்பாள். அந்தப் பக்கம் ஏதோ பதில். அதற்கப்புறம் இரண்டு பேருமே பேச மாட்டார்கள். லைன் அறுந்துவிட்டதோ என்று சித்தி கீயைத் தட்டிக் கேட்பார். அறுந்திருக்காது. மூச்சு கேட்கும். பம்பாயின் இரைச்சல் கேட்கும். மூன்று நிமிடம் ஆனதும் சொல்லியாக வேண்டும், அதுதான் விதி. சித்தி சொல்ல மாட்டார். நாலு, ஐந்து என்று ஓடும். டிக்கெட்டில் மூன்று என்றே போடுவார்.

“பாவம்லா. அதான் விட்டுக் குடுத்தேன்” என்றார். நோட்டிலும் அப்படியே எழுதினார். பாவப்பட்டு நேரத்தை நீட்டிக் கொடுத்ததாக. படிக்க நன்றாகவே இருந்தது. ஒரு நல்ல மனசுக்காரியின் கதை.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். “அப்ப சித்தப்பா எங்க சித்தி?”

சித்தப்பா அப்போது ராணுவத்தில். எல்லையில் எங்கோ. கடிதம் வர வாரக்கணக்காகும். இந்தியாவின் எந்த ஊருக்கும் பிளக்கைச் சொருகி லைன் போட்டுத் தருகிற சித்திக்கு, அந்த ஓர் இடத்துக்குப் போட வழியில்லை. கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை. காபி போட எழுந்து போய்விட்டார். நானும் விட்டுவிட்டேன். சில வாரம் கழித்து நோட்டு வந்தது. பழைய பத்தியைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதியிருந்தார்: அந்தப் பிள்ளைக்காக நான் நேரத்தை நீட்டியதாக இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது, கீயை நான் மூடவே இல்லை. அவர்கள் பேசாமல் இருந்ததை நானும் கேட்டுக்கொண்டே இருந்தேன். எனக்கும் அது வேண்டியிருந்தது.

இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. சம்பவம் மாறவில்லை. அதே கூண்டு, அதே மூன்று நிமிடம், அதே டிக்கெட். ஒரு புதுத் தகவலும் சேரவில்லை. ஆனால் இரக்கத்தின் கதையாக இருந்தது தனிமையின் கதையாகிவிட்டது. போர்டின் முன்னால் உட்கார்ந்திருக்கும் இருபத்து சொச்சம் வயதுப் பெண் முதல் தடவையாக எனக்குத் தெரிந்தாள். சித்திக்கும் அவள் அப்போதுதான் தெரிந்திருக்கிறாள் என்று நினைக்கிறேன். இதைத்தான் நான் மற்ற புத்தகங்களில் தேடுகிறேன். எழுத உட்காரும் முன்பே தெரிந்த அர்த்தத்தை எழுத்தில் கொண்டுவந்து வைப்பதில் எனக்கு ஆர்வமில்லை. எழுதுகிற கைக்கே அதுவரை தெரியாத ஒன்று வெளியே வர வேண்டும்.

அது எப்படி வரும் என்று கேட்டால், வரவழைக்க முடியாது, ஆனால் வழிவிடலாம் என்பதே என் அனுபவம். பெரிய நிகழ்ச்சிகளைவிட, ஏன் நினைவில் நிற்கிறது என்றே புரியாத சின்ன விஷயங்களிலிருந்து தொடங்குவது நல்லது. கல்யாணமும் சாவும் நினைவிருப்பதற்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை. ஆனால் நாற்பது வருடம் முன்பு யாரோ ஒருத்தி போனைப் பிடித்துக்கொண்டு நின்றது ஏன் மறக்கவில்லை? மூளை எத்தனையோ ஆயிரம் கால்களைத் தூக்கிப் போட்டுவிட்டு இந்த ஒன்றை வைத்திருக்கிறதே. அதற்குக் காரணம் இருக்கும். அடுத்ததாக, அந்த நேரத்தில் எனக்கு எது தெரியாது என்று கேட்டுப் பார்ப்பேன். அந்தக் காட்சியில் இருந்த மற்றவரை உட்கார வைத்துப் பேசவிட்டால் என்ன சொல்லுவார் என்றும் கேட்பேன். காந்தியின் அத்தியாயத்தில் நடக்காமல் போனது இந்தக் கடைசிக் கேள்விதான். நான் நல்லவனாகத் தெரிகிற பத்தி வந்தால் அங்கே இன்னொரு தடவை நிற்பேன். நான் படுமோசமானவனாகத் தெரிகிற பத்தியிலும் அப்படியே. இரண்டிலும் அநேகமாக ஏதோ ஒன்று சீக்கிரமாக மூடப்பட்டிருக்கும்.

நினைவை மட்டுமே நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2022-இல் நோபல் வாங்கிய பிரெஞ்சு எழுத்தாளர் ஆனி எர்னோ, தன் பதினோராவது வயதில் 1952 ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அம்மாவை அப்பா கொல்லப் போனதைப் பற்றி ஒரு சிறிய புத்தகம் எழுதியிருக்கிறார். 1997-இல் வந்தது. முதல் வாக்கியத்திலேயே விஷயத்தைப் போட்டு உடைத்துவிடுகிறார். அதற்கப்புறம் அழுகை இல்லை, மன்னிப்பு இல்லை. ரூவான் நகர ஆவணக் காப்பகத்துக்குப் போய் அந்த வருடத்துச் செய்தித்தாள்களைப் புரட்டுகிறார். அப்போதைய இரண்டு புகைப்படங்களை எடுத்து வைத்துக்கொண்டு பார்க்கிறார். தெருவில் யார் யாரோடு பேசினார்கள், பள்ளியில் எது மரியாதை, எது கேவலம் என்றெல்லாம் விதிகளைத் தோண்டுகிறார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு தன்னைப் பற்றிக்கொண்ட அவமானம் எங்கிருந்து வந்தது என்று ஒரு விசாரணை அதிகாரியைப் போலப் போகிறார். யோசிப்பது என்றால் உள்ளே பார்ப்பது மட்டுமல்ல, வெளியே போய் விசாரிப்பதும்தான் என்று நான் கற்றுக்கொண்டது அவரிடம்.

எழுதுகிற இன்றைய தினத்தையும் மறைக்க வேண்டாம். வர்ஜீனியா வுல்ஃப் தன் குழந்தைப் பருவத்தை எழுத ஆரம்பித்தது 1939 ஏப்ரலில். இடையிடையே தேதி போடுகிறார். யுத்தம் வருகிறது, பிரான்ஸ் விழுகிறது, விமானங்கள் பறக்கின்றன, நடுவில் அம்மாவின் உடையில் இருந்த பூக்கள். அன்றைய நானையும் இன்றைய நானையும் எதிரெதிரே நிறுத்தினால் நினைவுக் குறிப்புக்கு ஒரு வடிவம் கிடைக்கும் என்று அவரே அந்தக் குறிப்புகளில் யோசிக்கிறார். ஒரு வருடம் கழித்து எழுதினால் இதே கடந்தகாலம் வேறு மாதிரி தெரியும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அது வேறு மாதிரி தெரியும் என்பதற்குப் பிரீமோ லெவியைவிடப் பெரிய சாட்சி இல்லை. அவுஷ்விட்ஸ் முகாமிலிருந்து திரும்பி 1947-இல் தன் முதல் புத்தகத்தைக் கொடுத்தார். 1986-இல், கிட்டத்தட்ட நாற்பது வருடம் கழித்து, அதே அனுபவத்துக்கு மறுபடியும் திரும்பி இன்னொரு புத்தகம் எழுதினார். இம்முறை கேள்விகள் வேறு. தப்பிப் பிழைத்தவனுக்கு ஏன் வெட்கம்? கைதிகளுக்குள்ளேயே அதிகாரம் கிடைத்தவர்களை எப்படி எடைபோடுவது? அந்தப் புத்தகத்தின் முதல் அத்தியாயமே நினைவை எவ்வளவு நம்பலாம் என்பதைப் பற்றியது. அடிக்கடி எடுத்துச் சொல்லப்படுகிற நினைவு கதையாகப் பழகிப் பழகி, ஒரே வடிவத்தில் இறுகி, மெருகேறி, உண்மையான நினைவின் இடத்தில் தானே உட்கார்ந்துகொள்ளும் என்று அதில் எச்சரிக்கிறார்.

இதைப் படித்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது சித்தியின் லைட்னிங் கால் கதைதான். நாற்பது வருடமாகச் சொல்லப்பட்ட கதை. ஒவ்வொரு சொல்லும் தேய்ந்து பளபளவென்று இருக்கிறது. அதற்குள் போக இனி ஒரு வழியும் இல்லை. புத்தகத்தில் அதற்கு நாலு வரி போதும் என்று முடிவு செய்தோம்.

அந்தப் பெண் வருகிற அத்தியாயத்தின் கடைசியில், மற்றவர் கஷ்டத்தை நாம் உணர வேண்டும் என்கிற மாதிரி இரண்டு வரி சேர்க்க வேண்டும் என்பது சித்தியின் விருப்பம். “படிக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லிட்டுப் போகணும்லா?” என்கிறார். சொல்ல வேண்டியதைத்தான் முன்னாலேயே சொல்லிவிட்டீர்களே என்பது என் கட்சி. அவர் வயதுக்காரர்களுக்கு அந்த இரண்டு வரி இல்லாமல் படித்தால் சாப்பிட்டு மோர் ஊற்றாத மாதிரி இருக்குமாம். விவாதம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போதைக்கு அந்த வரிகள் பென்சிலில் இருக்கின்றன.

அடுத்த அத்தியாயம் எஸ்.டி.டி. வந்ததைப் பற்றியது. ஊர் ஊராக நேரடி டயலிங் வந்து, டிரங்க் போர்டில் விளக்கு எரிவது குறைந்து, கடைசியில் ஆபரேட்டர்களை டைரக்டரி விசாரணையான 197-க்கும் வேறு வேறு செக்‌ஷன்களுக்கும் அனுப்பிய காலம். இதில்தான் சித்தி நிற்கிறார். கூட வேலை பார்த்தவர்கள் எல்லோரும் அதை ஒரு பெரிய இழப்பாகச் சொல்கிறார்கள். போர்டைக் கழற்றிய அன்று அழுதவர்கள் உண்டு. சித்தியும் முதலில் அப்படித்தான் ஒரு பக்கம் எழுதினார், பிறகு நோட்டை மூடிவிட்டார். போன வாரம் போனில் கூப்பிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“உண்மையச் சொல்லணும்னா எனக்கு அன்னைக்கு சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அப்படி எழுதலாமா? மத்தவங்க தப்பா நெனைப்பாங்களோ?”

“எழுதுங்க சித்தி. ஏன் சந்தோஷம்னும் எழுதுங்க.”

“ஏன்னா, நைட் ஷிஃப்ட் கெடையாதுலா இனிமே. சித்தப்பாவும் ரிட்டையராகி வந்துட்டாவ. பிள்ளைங்க ஸ்கூல் போற வயசு. ராத்திரி வீட்ல படுக்கலாம்னு…” என்று சொல்லிக்கொண்டே போனவர், சட்டென்று நிறுத்தி, “இரு, நோட்ட எடுத்துக்கிடுதேன்” என்று போனை வைத்துவிட்டார்.